கதவில் இருக்கிற கண்ணாடி

பாவு இறக்கின சீட்டு இது.
முன்பக்கம் நூல் நம்பர், மீட்டர், முதலாளி கையெழுத்து.
பின்பக்கம் காலி.
எனக்கு அது போதும்.

"பிரசவத்துக்கெல்லாமா எழுதி வெப்பாங்க?"
தார் மாற்றிக்கொண்டே கேட்கிறார் குப்புராசு.
கேட்கிறார் என்று சொல்வது ஒரு பழக்கத்துக்கு.
பதினாறு தறி ஓடும் குடோனில்
யார் குரலும் யாருக்கும் எட்டாது.
உதடு அசையும், நாங்கள் படித்துக்கொள்வோம்.
மூன்று வருஷச் சண்டையில் பாதி
அக்கம்பக்கம் அறியாமல் முடிந்தது அப்படித்தான்.

எழுதுகிறேன்:

வலி கண்டால் நூத்தியெட்டுக்குப் போடுங்க.
மில் கேட்டுன்னு வழி சொல்லாதீங்க,
மில்லு மூடி எட்டு வருஷமாச்சு, புது டிரைவருக்குத் தெரியாது.
தண்ணி டேங்க்குன்னு சொல்லுங்க.
ஞாயித்துக்கெழமையா இருந்தா
செல்லாண்டி அண்ணன் ஆட்டோ வேண்டாம்.
காரணம் உங்களுக்கே தெரியும்.

மஞ்சக் கட்டைப்பை கட்டிலுக்கடியில.
துவைத்த பழைய வேட்டி நாலு, ஆதார் ஜெராக்ஸ் நாலு,
ஊசி போட்ட அட்டை.
சீப்பும் ஒண்ணு வெச்சிருக்கேன். சிரிக்காதீங்க.

ஒறம்பரை யாரும் வாசல்ல நின்னு
"பையன்தானே" என்று கேட்டால்
டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்க.

நர்ஸம்மாவுக்கு:
ஊசி எதுக்குன்னு சொல்லிப்போட்டுப் போடுங்க.
அறுக்கறதுன்னா ஒரு வார்த்தை கேளுங்க,
நான் வேண்டாம்னு சொல்லமாட்டேன், இருந்தாலும் கேளுங்க.
கத்தினால் கத்திக்கிறேன்.
"அப்பத் தெரியலையா" என்கிற அந்தக் கேள்வி,
எங்க குடோன்ல புள்ளை பெத்த எல்லோரும்
வாங்கிக்கொண்டு வந்த அந்தக் கேள்வி,
எனக்கு வேண்டாங்.

முதலாளிக்கு இருபதாயிரம் பாக்கி.
மூணாம் மாசமே வரச்சொன்னால்
அஞ்சாம் மாசம் என்று சொல்லுங்க.
தலையைக் குனியாமல் சொல்லுங்க.

போன செக்கப்பில் பார்த்து வைத்தேன்,
பல்லடம் ஆஸ்பத்திரிப் பிரசவ அறைக் கதவில்
சோத்துத்தட்டு அகலத்துக்கு ஒரு கண்ணாடி.
உள்ளே விடலைன்னா அங்கே வந்து நில்லுங்க.
மாஸ்க்கைச் சித்தெ இறக்கிவிட்டுப் பேசுங்க.
அங்கே இருக்கிறவர்களில் எனக்கு மட்டும் கேட்கும்.

புள்ளை அழுதா பயப்படாதீங்க.
ஒன்பது மாசம் தறிச் சத்தத்துக்குள்ள கிடந்தது,
அமைதி அதுக்குப் புதுசு.
தொடையில போட்டு நம்ம தறி ஓடற கதியில தட்டுங்க.

அதற்கப்புறம் ஒரு வரி.
"ரெண்டுல ஒண்ணுதான்னு டாக்டர் கேட்டா"
அதோடு பேனா நின்றது.

தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டார்.
நாடா அறுந்ததுபோல ஒரு முகம்.
தறிகளுக்கு நடுவில் நின்று
என்னைப் பார்த்து உதட்டை அசைக்கிறார்,
முதல்முறையாக எனக்குப் படிக்க வரவில்லை.
"என்னங்?" என்கிறேன்.
மறுபடியும் அசைக்கிறார்,
பதினாறு தறிக்கும் மேலே தொண்டையைக் கிழித்துக்கொண்டு.

கரண்ட் போனது.

"நீதான் அம்மிணி, நீதான் வேணும்"

அத்தனை பெரிய குரல்
அத்தனை பெரிய அமைதியில்.
பாவு பிணைக்க வந்த ஒண்டியப்பன்
பீடியைக் கையில் வைத்தபடி பார்க்கிறான்.
கோன் சுற்றுகிற ரெண்டு பெண்களும் பார்க்கிறார்கள்.
இவர் காது சிவந்து
ஓடாத தறியில் குனிந்து
அறாத இழையைத் தேடுகிறார்.
வயிற்றுக்குள் ஒரு உதை.
அதுக்கும் கேட்டிருக்கும்.
அதை நினைத்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

அந்த வரியை நான் முடிக்கவில்லை.
அடிக்கவும் இல்லை.

கரண்ட் வந்தது. சீட்டை மடித்துப்
பையில் வைக்கும்போதுதான் ஒன்று தோன்றியது.
கடைசியாக எழுதினேன்:

எடுத்துக் கொடுக்கும்போது பார்த்துக் கொடுங்க.
மேலே முதலாளி கையெழுத்து இருக்கும்,
மீட்டர் கணக்கு இருக்கும்,
ஏதோ பில்லுன்னு நினைச்சு அக்கட்ட வெச்சுருவாங்க.
நர்ஸம்மாகிட்ட
திருப்பிப் பார்க்கச் சொல்லுங்க.